ஒனிச்சா: ஒரு சந்தை நகரும் அதன் எழுத்தும்

மேலை ஆப்பிரிக்காவின் பேராறாகிய நைஜர் கடலை நோக்கித் தெற்கே இறங்கும் வழியில், அதன் கிழக்குக் கரை மேட்டில் அமைந்திருக்கும் நகர் ஒனிச்சா. நைஜீரியக் கூட்டாட்சியின் அனம்பிரா மாநிலத்தைச் சேர்ந்தது. எதிர்க்கரையில் அசாபா என்னும் ஊர் இருக்கிறது. இரு கரையிலும் வழங்குவது இக்போ மொழியே. சினுவா ஆச்சிபியின் முதல் நாவலை, என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்ற பெயரில் செய்த தமிழாக்கத்தின் வழியே படித்தவர்கள் நம் வட்டத்தில் பலர் உண்டு. ஆச்சிபியின் ஊரான ஒகிடி ஒனிச்சாவிலிருந்து சில கல் தொலைவுதான். போரில் மாண்ட கவிஞர் கிறிஸ்தபர் ஒகிக்போவின் ஊராகிய ஒஜோட்டோவும் அண்மையிலேயே இருக்கிறது. இவ்விரு பெயர்களையும் அறிந்த நாம், இருவரும் இளமையில் கண்ட அந்தச் சந்தை நகரைப் பற்றி அறிந்தது மிகக் குறைவு.

ஒனிச்சாவைப் பற்றி எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அந்நகரின் சந்தைக் கடைகளில் துணிக்கும் கருவாட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான சிறு நூல்கள் அச்சாகி விற்றன. எழுதியவர்கள் பெரும்புலவர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்கள், எழுத்தர்கள், வணிகர்கள், மாணவர்கள். வாங்கியவர்களும் அத்தகையோரே. ஒரு மக்களின் நடுவிலிருந்து, அரசின் உதவியோ கல்விக்கூடத்தின் ஆசியோ இன்றித் தானே முளைத்த எழுத்து அது. ஆயினும் அதன் பெரும்பகுதி மக்களின் தாய்மொழியில் இல்லை, ஆங்கிலத்தில் இருந்தது. ஏன்? அதற்கு விடை தேட, நகரின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இக்போக்களுக்கு அரசன் இல்லை என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி. ஊர்ப்பொதுவில் மூத்தோர் கூடி, பேசி, ஒத்த முடிவுக்கு வருவதே பெரும்பாலான இக்போ ஊர்களின் மரபு. ஒனிச்சா இதற்கு விலக்கு. இங்கே 'ஓபி' எனப்படும் மன்னர் உண்டு. தங்கள் முன்னோர் எசே சீமா என்பவர் வழிவந்தோர் என்றும், மேற்கேயுள்ள பெனின் பேரரசின் பக்கமிருந்து புறப்பட்டு வந்து ஆற்றைக் கடந்து குடியேறினர் என்றும் அவர்கள் சொல்கின்றனர். ஊரின் எல்லாப் பிரிவினரும் இவ்வழியினர் அல்லர். வடக்கே இகாலா நாட்டுத் தொடர்பு சொல்வோரும் உளர். சீமாவின் மக்களிடையே அரசுரிமைக்குப் போட்டி வந்தபோது, 'உஃபியே' எனப்படும் அரச முரசை யார் முதலில் செய்து ஒலிக்கிறாரோ அவரே அரசர் என முடிவாயிற்றாம். ஒராயெசே முந்திக்கொண்டாராம். இதை வரலாறு என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாளால் அன்றி, மரத்தைக் குடைந்து ஒலியெழுப்பிய கைத்திறனால் முடி கிடைத்ததாக ஒரு கூட்டம் தன் தொடக்கத்தை நினைவு வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

மன்னர் இருந்தும் இக்போ மனம் மாறிவிடவில்லை. 'ஓசோ' பட்டம் பெற்ற பெரியோர் அவரைச் சூழ்ந்து நின்றனர்; உழைத்துப் பொருள் சேர்த்து உரிய சடங்கு முடித்த எவரும் அப்பட்டத்தை நாடலாம். ஒனிச்சாவின் சமுதாய அமைப்பை ஆராய்ந்த ரிச்சர்டு ஹெண்டர்சன் என்னும் அமெரிக்க மானிடவியலார், 1972இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'ஒவ்வொருவருள்ளும் ஓர் அரசன்' என்று பொருள்படப் பெயரிட்டார். பொருத்தமான பெயர். பழைய வழக்கப்படி மன்னர் அரண்மனை எல்லையை விட்டு வெளியே வருவதில்லை. ஆண்டுக்கொருமுறை 'ஒஃபாலா' விழாவில்தான் மக்கள் அவரைக் கண்ணால் கண்டனர். இன்றும் அக்டோபர் மாதத்தில் அவ்விழா நடைபெறுகிறது. முரசும் பீரங்கி வெடியும் முழங்க, இறகுகள் செருகிய முடியுடன் ஓபி வெளிவருகிறார்.

பெண்களுக்கும் ஒரு தலைவி இருந்தாள். 'ஓமு' என்பது அவள் பெயர். சந்தையை ஆண்டவள் அவளே. சந்தையின் ஒழுங்கு, பெண்களின் வழக்குகள் ஆகியவை அவள் அவையில் முடிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த நுவாக்போக்கா என்பவளே ஒனிச்சாவின் கடைசி ஓமு. அவளுக்குப் பின் அப்பதவி நிரப்பப்படவில்லை. கம்பெனி வணிகமும் காலனி ஆட்சியும் ஆண்களோடு மட்டுமே பேசப் பழகியவை. ஓமுவின் அவைக்கு அவற்றின் ஏட்டில் இடமில்லை. ஒஃபாலா நின்றது, ஓமு நிற்கவில்லை. எது பழைய மரபாகப் போற்றப்படுகிறது, எது ஓசையின்றி மறைகிறது என்பதைப் பெண்கல்வி பேசும் நாம் இங்கேயும் காணலாம்.

இக்போக்களின் வாரம் நான்கு நாள் கொண்டது: எகே, ஓரியே, ஆஃபோ, நுக்வோ. ஒவ்வொரு நாளும் ஒரு சந்தை நாளே. ஊர்கள் தத்தமக்குரிய நாளில் சந்தை கூட்டும். காலக்கணக்கே சந்தையால் ஆன மக்கள் அவர்கள். மேலிருந்து உப்புநீர்க் கழிமுகம் வரை படகுகள் ஓடிய ஆற்றின் கரையில், வடக்கத்தி மீனும் உள்நாட்டுக் கிழங்கும் பனை எண்ணெயும் கூடும் துறையாக ஒனிச்சா வளர்ந்தது. ஊரும் இரண்டாயிற்று. மேட்டின் மேல் அரசரும் பழங்குடிகளும் வாழும் உள்ளூர். ஆற்றோரத்தில் நாலா பக்கமிருந்தும் வந்தவர்கள் கடைவிரித்த துறையூர். முன்னது பிறப்பால் ஒனிச்சா. பின்னது பிழைப்பால் ஒனிச்சா. மேட்டார்க்கும் துறையார்க்கும் இடையே நிலம், வரி, பெருமை ஆகியன பற்றி எழுந்த பூசல் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது.

1857 ஜூலை மாதம் ஒரு நீராவிக் கப்பல் இத்துறைக்கு வந்தது. அதில் வந்த சாமுவேல் அஜாயி க்ரௌதர், சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, மீட்கப்பட்டு, பின்னாளில் ஆங்கிலத் திருச்சபையின் ஆயராகிய யோருபா இனத்தவர். உடன் வந்த ஜான் கிறிஸ்தபர் டெய்லர், அவ்வாறே மீட்கப்பட்ட இக்போப் பெற்றோருக்குச் சியரா லியோனில் பிறந்தவர். அடிமைக் கப்பலில் போனவர்களின் மகன் புத்தகத்தோடு தாய்நாட்டுக்குத் திரும்பிய நிகழ்ச்சி இது. இக்போ மண்ணில் முதல் பள்ளியும் முதல் ஆலயமும் இங்குத்தான் எழுந்தன. க்ரௌதர் ஆக்கிய இக்போ அரிச்சுவடி அதே ஆண்டில் அச்சாயிற்று. ஆப்பிரிக்கர் கையாலேயே இத்தொடக்கம் நிகழ்ந்தது என்பதை அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் வற்புறுத்திச் சொல்வர். அவர்கள் சொல்வது சரியே.

ஆனால் அந்த அரிச்சுவடியின் மொழி ஒனிச்சாவின் மொழி அன்று. பல ஊர்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டோர் சியரா லியோனில் கூடி வாழ்ந்தபோது கலந்து உருவான 'இசுவாமா' வழக்கு அது. ஒனிச்சா மக்களுக்கு அது சரிவர விளங்கவில்லை. பின்னர்ச் சில காலம் ஒனிச்சாப் பேச்சிலேயே விவிலியப் பகுதிகள் வந்தன. அதன் பின் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த டி.ஜே. டென்னிஸ், பல வட்டாரத்தாரைக் கூட்டி, எல்லா வழக்குகளிலிருந்தும் சொல் எடுத்து 'ஒன்றிய இக்போ' என்றொரு மொழியைச் சமைத்தார். 1913இல் முழு விவிலியம் அதில் வெளிவந்தது. எல்லார்க்கும் பொதுவான அம்மொழியை வீட்டில் பேசுவோர் ஒருவரும் இல்லை. உழைப்பாளியான டென்னிஸ் 1917இல் கடற்பயணத்தில் செருமானிய நீர்மூழ்கியால் மாண்டார். அவர் நினைவாக ஒனிச்சாவில் 1925இல் எழுந்த உயர்பள்ளி இன்றும் பெயர்பெற்றது.

இதற்கிடையே வணிகக் கம்பெனிகள் வந்தன. 1879இல் வணிகத் தகராறு முற்றி, பிரித்தானியப் போர்க்கப்பல் ஊரைக் குண்டுவீசித் தகர்த்தது. 1886இல் ராயல் நைஜர் கம்பெனி அரச பட்டயம் பெற்றது. 1900இல் நேரடிக் காலனி ஆட்சி ஏற்பட்டது. கத்தோலிக்கத் துறவியர் 1885இல் வந்து, அவர்களும் பள்ளிகள் தொடங்கினர். இரு சபையும் போட்டியிட்டுப் பள்ளி கட்டியதால் ஊர் எழுத்தறிவில் முந்தியது. இந்நகரைச் சேர்ந்த குடும்பத்தில் 1904இல் பிறந்து, அமெரிக்கா சென்று கற்றுத் திரும்பி, 1937இல் நாளிதழ் தொடங்கி, 1963இல் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரான நாம்டி அசிகிவே இந்த வளர்ச்சியின் விளைவு எனலாம்.

அதே போட்டி மொழிக்குக் கேடாயிற்று. 1929 அளவில் ஆப்பிரிக்க மொழிகளுக்கென்று ஒரு புதிய எழுத்துமுறை இலண்டன் அறிஞர்களால் வகுக்கப்பட்டது. கத்தோலிக்கர் அதை ஏற்றனர். ஆங்கிலத் திருச்சபையினர் தங்கள் விவிலியம் அச்சான பழைய எழுத்தை விட மறுத்தனர். எந்த உயிரெழுத்தின் கீழே புள்ளி இடுவது, எந்த ஒலிக்கு எந்த வடிவம் என்பதே வழக்கு. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு சபையின் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மற்றச் சபையின் இக்போ நூல் பிழை மலிந்த நூலாயிற்று. போதாததற்கு, 1940 அளவில் ஆங்கில மொழியியலார் ஒருவரின் ஆய்வை ஒட்டி, தெற்கே ஒவெர்ரி, உமுவாகியா வட்டாரப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட 'மைய இக்போ' முன்வைக்கப்பட்டது. அதுவும் ஒனிச்சாவின் நாவுக்கு அயல். எழுத்துச் சண்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 1961இல் ஒன்வு குழுவின் முடிவால்தான் தணிந்தது.

இக்போ, ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி. 'அக்வா' என்று நாம் ஒரே வகையில் எழுதும் சொல், தொனிக்கேற்ப அழுகை, துணி, முட்டை, கட்டில் என நான்காகும். அத்தகைய மொழிக்கு எழுத்து வகுப்பதில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பே. அதைச் சபைகளின் மானப் பிரச்சினையாக ஆக்கியதுதான் குற்றம். பீட்டா நுவானாவின் 'ஒமெனுகோ' என்னும் முதல் இக்போப் புதினம் 1933இல் பரிசு பெற்று வெளிவந்தது. அதையடுத்த முப்பது ஆண்டில் தோன்றிய இக்போப் புதினங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1949இல் ஒனிச்சாவில் டென்னிஸ் நினைவுப் பள்ளி ஆசிரியர் எஃப்.சி. ஒக்பாலு, இக்போ மொழி பண்பாட்டு வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். இலக்கணம், பழமொழித் தொகுப்பு, பாடநூல் என வாழ்நாளெல்லாம் உழைத்த அப்பெரியவரைப் பற்றி நம்மிடையே யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. தமிழ்ச் சங்கங்கள் அமைத்து உழைத்த நம் முன்னோரை அறிந்தவர்களுக்கு அவர் அயலாராகத் தோன்றமாட்டார்.

எழுத்துச் சண்டை நடந்த அதே ஆண்டுகளில், அதே ஊரின் சந்தையில், புலவர் யாரையும் கேளாமல் ஓர் இலக்கியம் பிறந்தது.

பல காரணங்கள் ஒன்றுகூடின. போருக்குப் பின் பழைய கையச்சுப் பொறிகள் மலிவாகக் கிடைத்தன. ஒனிச்சாச் சந்தை மேலை ஆப்பிரிக்காவின் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாயிற்று. 1950களில் அதற்கு நிலையான கட்டடங்கள் எழுந்தன. 1957இல் கிழக்கு மாநில அரசு கட்டணமற்ற தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்ததால் புதிதாகப் படிக்கத் தெரிந்தோர் பெருகினர். இன்னொரு காரணம் நமக்குச் சுவையானது. பர்மாப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட மேலை ஆப்பிரிக்கப் படையினர் இந்தியாவில் தங்கிப் பயிற்சி பெற்றனர். ஊர் திரும்பியபோது இங்குக் கடைகளில் விற்ற மலிவுப் பதிப்புச் சிறு நூல்களைக் கொண்டுசென்றனர் என்றும், ஒனிச்சா நூல்களுக்கு அவையும் ஒரு முன்மாதிரி என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படையினர் எந்த ஊர்க் கடையில் எதை வாங்கினார்களோ! காலணா, அரையணாவுக்குச் சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற நூல்களை நம் புலவர்கள் தீண்டத்தகாதவையாக ஒதுக்கியது நினைவுக்கு வருகிறது.

சிப்ரியன் எக்வென்சி 1940களின் இறுதியில் எழுதிய 'காதல் கிசுகிசுக்கும்போது' என்னும் கதை இவ்வரிசையின் தொடக்க நூல்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. எக்வென்சி பின்னர்ப் பெரும்புதின ஆசிரியராகிச் சந்தையை விட்டு நீங்கினார். சந்தையிலேயே நின்றவர்களுள் புகழ்பெற்றவர் ஒகாலி ஏ. ஒகாலி. அவருடைய 'என் மகள் வெரோனிக்கா' என்ற நாடகம் 1956இல் வந்தது. பல பதினாயிரம் படிகள் விற்றது. எழுத்தறியாத தந்தை சோம்போ, மகளைச் செல்வர் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க நினைக்கிறார். மகளோ படித்த இளைஞனை விரும்புகிறாள். தந்தை பேசுவது சந்தைக் கலப்பு ஆங்கிலம். மகள் பேசுவது பள்ளி ஆங்கிலம். நடுவே பாம்பர் பில்லி என்றொருவன் வந்து, பொருள் விளங்காத நெடுஞ்சொற்களை வீசி அவையோரை மிரட்டுகிறான். மக்கள் அவனைக் கண்டு சிரித்தனர். அவன் சொற்களை மனப்பாடமும் செய்தனர். காலனி ஆட்சி ஒரு மக்களின் நாவில் ஏற்படுத்திய நிலையை இத்தனை எளிதாகக் காட்டிய நாடகம் வேறு உண்டா என்பது ஐயமே.

ஓகென்வா ஒலிசா என்பவர் 'பேனா வலியோன்' எனத் தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டார். பணம் தேடுவது அரிது, செலவழிப்பது எளிது என்றும், குடிகாரனுக்கு மதுக்கடையே சொர்க்கம் என்றும் தலைப்பிட்டு எழுதினார். தாமஸ் இகூ, கொலையுண்ட காங்கோத் தலைவர் லுமும்பாவின் கடைசி நாள்களை நாடகமாக்கினார். காதல் கடிதம் எழுதும் முறை, நேர்முகத் தேர்வில் விடை சொல்லும் முறை, பழமொழிகள், பொல்லாத பெண்கள் பற்றிய எச்சரிக்கை என எல்லாம் சிறு நூலாயின. பெண்களைப் பற்றிய அந்த எச்சரிக்கைகளைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. ஓமுவை இழந்த சந்தையில் ஆண்கள் எழுதி ஆண்கள் விற்ற நூல்கள் அவை. பெண் எழுதியது அரிதினும் அரிது. அதே வேளையில் தந்தை குறித்த மணத்தை மறுத்து நிற்கும் மகளை நாயகியாக்கியதும் அதே சந்தைதான். இரண்டையும் ஒருங்கே பார்ப்பதே நேர்மை.

அச்சுக்கோப்பவர் எழுத்துப் பெட்டியில் ஓர் எழுத்துத் தீர்ந்தால் வேறொன்றை வைத்துவிடுவார். அட்டையில் கதைக்குத் தொடர்பற்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஆசிரியருக்கு ஒருமுறை சிறுதொகை கொடுத்து உரிமை முழுவதையும் வாங்கிவிடுவதே பதிப்பாளர் வழக்கம். ஆங்கில இலக்கணப் பிழைகளைக் கண்டு கல்லூரிப் பேராசிரியர்கள் நகைத்தனர். அவர்கள் நகைத்துக்கொண்டிருக்கையில், சுமை இறக்கிய பையனும் வாடகைக் கார் ஓட்டுநரும் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு கதையைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தனர். அந்நூல்களை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்து மதித்தவர் எம்மானுவேல் ஒபியெச்சினா. 1973இல் வந்த அவருடைய ஆய்வுநூலுக்கு ஆச்சிபி முன்னுரை எழுதினார்.

இவை ஏன் இக்போவில் எழுதப்படவில்லை என்னும் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆங்கிலம் வேலையும் மதிப்பும் தந்தது என்பது முதல் விடை. சந்தையில் யோருபா, இகாலா, இஜோ மக்களும் கூடினர். இக்போக்களுக்குள்ளும் வட்டார வழக்குகள் வேறுபட்டன. ஆகவே பொதுமொழி வேண்டியிருந்தது என்பது இரண்டாவது. இவை உண்மையே. எனினும் அவை மட்டும் போதா. வாயளவில் அதே மக்கள் எல்லா வணிகத்தையும் இக்போவில்தான் நடத்தினர். எழுத என்று உட்கார்ந்தவனுக்கு எந்த இக்போ, எந்த எழுத்து என்னும் கேள்வி குறுக்கே நின்றது. எதில் எழுதினாலும் ஒரு சாரார் பிழை என்பர். ஆங்கிலத்தில் பிழைவிட்டால் வெள்ளைக்காரன் சிரிப்பான். இக்போவில் பிழைவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனே சிரிப்பான். அறிஞர்கள் தீர்ப்பு வழங்கும் வரை சந்தை காத்திருக்கவில்லை. 1961இல் தீர்ப்பு வந்தபோது, படிப்போர் கூட்டம் ஆங்கில அச்சுக்குப் பழகிவிட்டிருந்தது. எஞ்சியிருந்த ஆண்டுகளும் ஆறே.

1965இல் நைஜர் மீது ஒனிச்சாவையும் அசாபாவையும் இணைக்கும் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 1,404 மீட்டர். அடுத்த ஆண்டில் ஆச்சிபி சிறுவர்க்கென ஒரு கதை வெளியிட்டார். சிற்றூரிலிருந்து ஒனிச்சாவுக்கு வந்த சீக்கே என்னும் சிறுவன் ஆற்றைக் கடந்து அசாபாவைப் பார்க்க ஏங்குவதே கதை. அந்நூல் வெளிவந்த 1966இலேயே நாட்டில் இரண்டு இராணுவப் புரட்சிகள் நடந்தன. வடக்கே வாழ்ந்த இக்போக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் இரயிலிலும் லாரியிலும் கிழக்கே வந்து சேர்ந்தனர். 1967 மே 30இல் கிழக்கு மாநிலம் பயாப்ரா என்னும் தனிநாடாக அறிவிக்கப்பட்டது. ஜூலையில் போர் மூண்டது. துப்பாக்கி ஏந்திய ஒகிக்போ செப்டம்பரில் நுசுக்கா முனையில் மாண்டார்.

அக்டோபர்த் தொடக்கத்தில் கூட்டாட்சிப் படை அசாபாவை அடைந்தது. 7ஆம் நாள், தம் மரபான வெள்ளாடை உடுத்து, ஒரே நைஜீரியா என்று முழங்கி வரவேற்கத் திரண்ட அசாபா மக்களிலிருந்து ஆடவரையும் சிறுவரையும் பிரித்து நிறுத்திச் சுட்டனர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இக்கரையில் பின்வாங்கிய பயாப்ராப் படை பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. சில நாளில் கூட்டாட்சிப் படை படகுகளில் ஆற்றைக் கடந்து ஒனிச்சாவுக்குள் நுழைந்து, பெருஞ்சந்தையைக் கொள்ளையிட்டு எரித்தது; பின் துரத்தப்பட்டது. மீண்டும் மீண்டும் ஆற்றைக் கடக்க முயன்று தோற்று, இறுதியில் வடக்கிலிருந்து நிலவழியாக வந்து 1968 மார்ச்சில் நகரைப் பிடித்தது. துணிமூட்டைகளோடு அச்சுக்கோப்புகளும், விற்காத படிகளும், அச்சேறாத கையெழுத்துப் படிகளும் எரிந்தன. பல நூல்களுக்கு இன்று எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே.

1970 ஜனவரியில் போர் முடிந்தது. அதற்குள் பசியால் மாண்டவர் பல இலட்சம். வங்கியில் எவ்வளவு வைத்திருந்தாலும் ஒருவருக்கு இருபது பவுண்டு மட்டுமே தரப்பட்டது. அந்த இருபது பவுண்டிலிருந்து இக்போ வணிகர்கள் மீண்டும் எழுந்த கதையை அவர்கள் பெருமையோடு சொல்வர். அவர்களுக்குத் துணைநின்றது பழைய பயிற்சிமுறை. ஒரு சிறுவன் வணிகர் ஒருவரிடம் ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை சம்பளமின்றி வேலை செய்து தொழில் கற்பான். காலம் முடிந்ததும் அவர் அவனுக்கு முதலும் சரக்கும் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவார். கைநீட்டி வாங்கியவன் பின்னர் வேறொருவனுக்குக் கைகொடுப்பான். சொன்ன சொல் காக்கப்படாமல் வெறுங்கையோடு அனுப்பப்பட்டோரும் உண்டு. ஆயினும் வங்கி கைவிட்ட மக்களுக்கு இதுவே வங்கியாக இருந்தது.

சந்தை மீண்டது, சந்தை இலக்கியம் பழைய வலிமையோடு மீளவில்லை. சில நூல்கள் மறுபதிப்பாயின. பெரும் பதிப்பகங்களின் கதைநூல்கள் அவ்விடத்தைப் பிடித்தன. பின்னர் எதிர்பாராத வழியில் ஒரு மறுபிறப்பு நிகழ்ந்தது. 1992இல் கென்னத் இன்னெபூவே என்னும் வணிகர் வெளியிட்ட 'அடிமைக்கட்டில் வாழ்வு' என்னும் ஒளிநாடாப் படம் நைஜீரியத் திரைத்தொழிலுக்கே தொடக்கமாயிற்று. ஒனிச்சாவின் மேல் இவேக்கா சாலை அத்தொழிலின் பெருவிற்பனைத் தளங்களுள் ஒன்றாயிற்று. பணப்பேராசை, துரோகம், தண்டனை, மனந்திரும்பல் எனச் சந்தை நூல்களின் அதே கதைகள். ஆனால் அந்தப் படம் பேசியது இக்போ மொழி. எழுத்தின்றிப் பேச்சாக வந்தபோது, எந்த எழுத்து என்று கேட்க யாருமில்லை.

அறிஞரிடையே அச்சண்டை ஓய்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1999இல் ஒவெர்ரி நகரில் பெருங்கூட்டத்தின் முன் உரையாற்ற அழைக்கப்பட்ட ஆச்சிபி, பொதுமை இக்போவை விடுத்துத் தம் ஊர்ப் பேச்சிலேயே பேசினார். ஒன்றிய இக்போவை உயிரற்ற மொழி எனக் கண்டித்தவர் அவர். அவையோர் சிலர் மகிழ்ந்தனர்; சிலர் சினந்தனர். ஒக்பாலு போன்றோர் ஒன்றுபட்ட எழுத்துமொழிக்காகப் பட்ட பாட்டை நினைத்தால் சினந்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எழுத்துமொழி இல்லாமல் பாடநூல் இல்லை. நாவில் இல்லாத எழுத்துமொழியால் கவிதை இல்லை.

இன்றைய ஒனிச்சாவின் இடர்கள் எளியன அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பட்டியலில், காற்றில் கலந்த நுண்துகளின் அளவில் உலக நகரங்களுள் ஒனிச்சாவே முதலிடத்தில் நின்றது. கன மீட்டருக்கு 594 மைக்ரோகிராம். அந்நிறுவனம் அப்போது வைத்திருந்த வரம்பு 20. செம்மண் புழுதி, பழைய லாரிகளின் புகை, கடைதோறும் இரையும் மின்னாக்கி, தெருவோரம் எரியும் குப்பை ஆகியன கூடியது இந்நிலை. 2012இலும் 2022இலும் ஆறு கரைபுரண்டு தாழ்நிலங்களை மூழ்கடித்தது. 2019 அக்டோபர் 16இல் பெட்ரோல் லாரி கவிழ்ந்து தீப்பற்றி, ஒச்சாஞ்சா சந்தைப் பகுதிக் கடைகளை எரித்தது. தனிநாட்டுக் கோரிக்கையாளர் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திங்கட்கிழமைக் கதவடைப்பு, அறிவித்தோரே விலக்கிய பின்னும் அச்சத்தால் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. நான்கு நாள் வாரத்தின் ஒரு நாளும் சந்தை மூடாத மக்கள், ஏழு நாள் வாரத்தின் முதல் நாளில் கடையைப் பூட்டினர். இவற்றின் நடுவே 2023 மே மாதத்தில் ஆற்றின் மீது இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது.

2025க்குள் இக்போ மொழி அழிந்துவிடும் என யுனெஸ்கோ சொன்னதாக ஒரு பேச்சு நெடுங்காலம் உலவியது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. கோடிக்கணக்கானோர் இக்போ பேசுகின்றனர். ஆயினும் நகரத்துக் குழந்தைகளிடம் பெற்றோர் ஆங்கிலத்திலேயே பேசுவது பற்றி அங்குள்ள ஆசிரியர்கள் கவலைப்படுகின்றனர். அந்தக் கவலை நமக்குப் புதிதன்று. விருந்தினர் வந்தால் இக்போ இல்லத்தில் முதலில் வைப்பது கோலாக் கொட்டை. மூத்தவர் அதைக் கையிலேந்தி முன்னோரை அழைத்து வாழ்த்திய பின்னரே உடைத்துப் பகிர்வர். கோலாவுக்கு ஆங்கிலம் கேட்காது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. வாழ்த்து இக்போவிலேயே சொல்லப்பட வேண்டும். ஆங்கிலத்தில் நாடகம் எழுதி விற்றவரும் தம் வீட்டில் கோலா உடைத்தபோது இக்போவில்தான் வாழ்த்தியிருப்பார்.

தப்பிப் பிழைத்த ஒனிச்சா நூல்களில் கணிசமானவை இன்று அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக நூலகத்திலும் இலண்டன் பிரித்தானிய நூலகத்திலும் இருக்கின்றன. போருக்கு முன் அந்நகரில் தங்கிய அயல்நாட்டார் சிலர் விலை மலிவென்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனவையும் அவற்றுள் உண்டு. பழுப்பேறிய தாளைக் கையுறை அணிந்து புரட்டுகிறார்கள். அட்டையின் மூலையில் விலை இன்னும் தெரிகிறது, ஷில்லிங்கிலும் பென்சிலும்.